திருமங்கலத்தில் நின்ற விமானம்

“…அப்ப, அஞ்சாறு மைல் தள்ளி இருக்குறவுகளுக்கு அண்ணன் தம்பி கிடையாதாலே?” என்று கேட்டார் கேப்டன்.

மதுரை விமான நிலையத்தில், உச்சி வெயிலில், விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்ட பூரிப்பில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு வந்துவிடுகிறேன். புதிதாக நம் விமானக் கருவித் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். “அண்ணே, வானத்துல இருந்து ஜி.பி.எஸ். இருக்குற இடத்தைப் புட்டுப்புட்டு வைக்குதே, அப்புறம் எதுக்கு இந்த ஐ.ஆர்.எஸ். பெட்டி? அதைக் கட்டிக்கிட்டு ஏன் அழணும்?” புத்தகத்தில் விடை இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். எனக்கு விடை கிடைத்தது அந்த உச்சி வெயிலில்.

நான் திருத்தங்கல்காரன். ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவன். நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு ‘ரெஜிஸ்டர்’ என்று பெயர். ரெஜிஸ்டர் தப்பினால் முருகனுக்கு நான்கு மூக்கு வந்துவிடும். அங்கிருந்து ரேடியோ ரிப்பேருக்கு வந்து, ஒரு விமானக் கம்பெனியில் உதவியாளாக நுழைந்து, பரீட்சை பரீட்சையாக எழுதி, வழிகாட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக ஆனேன். கல்லூரி வாசலில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. அதனால் எந்தக் கருவியையும் எங்கள் ஊர்ப் பாஷையில் மொழிபெயர்த்துப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும்.

ஐ.ஆர்.எஸ்., அதாவது ‘இனர்ஷியல் ரெஃபரன்ஸ் சிஸ்டம்’, எனக்கு விளங்கியது பஸ்ஸில்தான். விருதுநகரில் பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். வண்டி எங்கே திரும்புகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே தூக்கிப்போடுகிறது என்பதை வைத்தே திருத்தங்கல் வந்துவிட்டதா என்று உங்களால் சொல்ல முடியும். ஐ.ஆர்.எஸ். செய்வது அதைத்தான். வெளியே எட்டியே பார்க்காது. தன் உடம்பில் உணர்கிற அசைவை மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே வரும். ஆனால் ஏறின இடம் எது என்று நாம் சொல்லிவிட வேண்டும். போகப்போகச் சின்னச் சின்னப் பிசகும் சேர்ந்துகொண்டே வரும். ஜி.பி.எஸ். என்பது கண்டக்டர். அவ்வப்போது “திருத்தங்கல் இறங்கு!” என்று ஒரு சத்தம் கொடுப்பார். கண் மூடியிருப்பவன் அந்தச் சத்தத்தை வைத்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்வான். இரண்டும் சேர்ந்த கணக்குதான் விமானியின் திரையில் வரைபடமாக ஓடுகிறது.

கண்டக்டர் தொண்டை கட்டிக்கொண்டால்? அதுதான் அன்றைக்கு நடந்தது.

கேப்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘விருதுநகர் கேப்டன்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பருப்பும் வத்தலும் வியாபாரம் செய்த குடும்பத்தில் இளையவர். காக்பிட் கதவு சாத்துகிறவரை இங்கிலீஷ் துரை. சாத்தியதும், “என்னலே, எண்ணெய்ப் பரோட்டா கொண்டாந்தியா, இல்ல வெறும் வாயோட வந்திருக்கியா?” என்பார். பிறர் முன்னால் நான் அவரைக் கேப்டன் என்பேன், காக்பிட்டுக்குள்ளும் தனியாக இருந்தாலும் அண்ணாச்சி. பேச்சில் மன்னர். “பிளேனுக்குப் பயம் கிடையாதுலே. அதுக்கும் சேத்துப் பயப்படத்தான் நமக்குச் சம்பளம்” என்பார். நான் முப்பது வருடம் கருவிகளோடு மல்லுக்கட்டியதில் இதைவிடச் சுருக்கமான பாதுகாப்பு வகுப்பைக் கேட்டதில்லை.

அவருடைய அண்ணன் வத்தல் வியாபாரத்தை விட்டு, ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதைப் பயராபீஸ் என்போம். மேலிருந்து பார்த்தால் பயராபீஸை மற்ற எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தாயக்கட்டையை உருட்டிவிட்டதுபோலச் சிதறிக் கிடக்கும். ஓர் அறையில் ஏதாவது ஆனால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது.

ஒரு ஆயுதபூஜை அன்று அண்ணனின் பயராபீஸில் கேப்டன் வாயைக் கொடுத்துவிட்டார். போர்மேன், வேலையாட்கள் எல்லோரும் பொரிகடலை வாங்க நின்றுகொண்டிருக்கிற நேரம். “மேல இருந்து பாத்தேண்ணே. வடக்கோரத்து ரூமுகளுக்கு எடவெளி பத்தாது” என்றாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, “ஆகாசத்துல இருந்து பாக்குறவனுக்கு எல்லாமே கிட்டக்கத்தாம்லே தெரியும்” என்றார். கூட்டம் சிரித்தது. கேப்டன் கையில் வாங்கிய பொரியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வண்டியேறிவிட்டார். அவ்வளவுதான். சொத்துத் தகராறு கிடையாது, கோர்ட்டு கிடையாது. ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. எங்கள் ஊர் மேலாகப் போகிற தடம் வந்தால், கிளம்புமுன் பயணக் கணினியில் வழக்கமான புள்ளிகளை ஏற்றிவிட்டு, கடைசியாகச் சொந்தமாக ஒரு புள்ளியையும் கேப்டன் சேர்ப்பார். விமானி விருப்பப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் திரையில் ஒரு சின்ன நட்சத்திரம் விழும். பயணம் முடிந்ததும் அது தானாக அழிந்துபோகும். அடுத்த முறை மறுபடி அடிப்பார். எந்தத் தாளையும் பார்க்க மாட்டார், மனப்பாடம்.

“அது என்ன இடம் அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்கண்ணன்” என்றார்.

அந்த நாளுக்கு வருகிறேன். அண்ணன் தம்பி பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து மதுரை, மறுபடி சென்னை என்று சுற்றுகிற விமானம். அதற்குப் புதிதாகப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி சில நாளாக நினைத்தால் பேசும், நினைத்தால் வாயை மூடிக்கொள்ளும். அது எப்போது மௌனமாகிறது என்று கூடவே போய்ப் பார்த்துவரச் சொல்லி என்னை காக்பிட்டின் உதிரி இருக்கையில் ஏற்றிவிட்டார்கள். சென்னையை விட்டுக் கிளம்பியதுமே அது மௌனவிரதம் பூண்டுவிட்டது. திருவனந்தபுரத்தில் மழை. தாமதத்துக்கு மேல் தாமதம். பழைய நாளில் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ‘நீ இப்போது இங்கே நிற்கிறாய்’ என்று சொல்லி அதன் பிசகைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஜி.பி.எஸ். வந்தபிறகு அந்தப் பழக்கம் எல்லோரிடமும் தேய்ந்துவிட்டது. கண்டக்டர் இருக்கிறாரே என்ற தைரியம். அன்றும் துடைக்காமலே கிளம்பினோம்.

மலையைத் தாண்டியதும் மழை இல்லை. துடைத்துவைத்த வானம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பச்சை முடிந்து எங்கள் செம்மண்ணும் கரிசலும் விரிந்தன. மதுரையில் ரேடியோ வழிகாட்டியைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். கண்ணால் பார்த்தே இறங்கலாம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேப்டன்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணைவிமானி, வடக்கத்திப் பெண், பேச்சுக் குறைச்சல். பின்னால் நிறைய பயணிகள்.

வலப்பக்கம், தெற்கே, தரையிலிருந்து ஒரு புகை எழும்பியது.

கருவேல மரத்தைக் கரியாக்குகிற மூட்டத்துப் புகை என்றால் சோம்பேறியாகப் படுத்தே கிடக்கும். இது எழுந்து நின்றது. வெள்ளையாக, தடியாக, உச்சியில் விரிந்து. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கேப்டன் புகையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரையில் நட்சத்திரம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, கண்ணாடிக்கு வெளியே அதே திசையில், அதே தூரத்தில் புகை. அச்சகத்துப் பாஷையில் சொன்னால், ரெஜிஸ்டர் கச்சிதமாக விழுந்திருந்தது.

“ஏலே” என்றார். “அது எங்கண்ணன் எடம்.”

நான் எட்டித் துணைவிமானியின் திரையைப் பார்த்தேன். விமானத்தில் ஐ.ஆர்.எஸ். பெட்டி இரண்டு. கேப்டனின் திரை இடதுபக்கப் பெட்டியைக் கேட்டுப் படம் போடும், இது வலதுபக்கப் பெட்டியைக் கேட்டு. அதில் நட்சத்திரம் வேறிடத்தில் இருந்தது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேப்டனும் அதைப் பார்த்துவிட்டார். “ரெண்டும் ரெண்டு சொல்லுது. எதுலே சரி?”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். “வலது திரைதான் சரி அண்ணாச்சி, உங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் மூச்சு விட்டிருப்பார். ஆனால் என்னிடம் இருந்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்த இரண்டு பேரின் கணக்கு. கண்டக்டர் ஊமை. இருவரில் ஒருவர் சரியாக இருக்கலாம். இருவருமே தப்பாகவும் இருக்கலாம். பிரியத்துக்குரியவரிடம் ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்பார்கள். விமானம் ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் கூடாது.

“தெரியல அண்ணாச்சி” என்றேன். “தரையில நின்னாத்தான் தெரியும்.”

அவர் கை, விமானத்தின் திசையை மாற்றுகிற குமிழுக்குப் போனது. “ரெண்டு நிமிசம் தெக்க ஒடிச்சு ஒரு எட்டுப் பாத்துருவமா” என்று முனகினார். யாரிடம் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குமிழ் ஒரு துளி திரும்பியது. விமானத்தின் மூக்கும் ஒரு துளி தெற்கே சாய்ந்தது. பின்னால் ஒரு குழந்தை சிரித்த சத்தம் கதவு வழியாகக் கேட்டது.

கேப்டன் தன் கையைத் தானே பார்த்தார், அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல. குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பிறகு துணைவிமானியைப் பார்த்து இங்கிலீஷில், நிதானமாக, “கண்ட்ரோல் உன் கையில். நீயே இறக்கு. என் மனது நேராக இல்லை” என்றார். அந்தப் பெண் உடனே வாங்கிக்கொண்டாள்.

நான் பார்த்த விமானிகளில் புயலில் இறக்கியவர்கள் உண்டு, ஒரே இன்ஜினில் இறக்கியவர்கள் உண்டு. என் கணக்கில் அவர்கள் எல்லோரும் இவருக்குப் பின்னால்தான். ஜி.பி.எஸ். நாம் எங்கே இருக்கிறோம் என்று மட்டும்தான் சொல்லும். சாய்ந்திருக்கிறோமா, நிமிர்ந்திருக்கிறோமா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஐ.ஆர்.எஸ். நம் விமானத்தில் எதற்கு இரண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். தான் சாய்ந்துவிட்டதை அந்த மனிதர் தானே உணர்ந்தார், உணர்ந்ததை வாய்விட்டுச் சொன்னார்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அவரே தகவல் கொடுத்தார். சிவகாசிக்குத் தெற்கே பெரிய புகை, சரியான இடம் உறுதியில்லை. ‘உறுதியில்லை’ என்பதை அழுத்திச் சொன்னார். திரையில் தெரிந்த எண்களைப் படித்துவிட அவருக்கு ஒரு நொடி போதும். தீயணைப்பு வண்டியைத் தப்பான பொட்டலுக்கு அனுப்பிவிடக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார்.

துணைவிமானி பூப்போல இறக்கினாள். பயணிகள் இறங்கினார்கள். இன்ஜின் ஓய்ந்ததும் நான் செய்த முதல் வேலை, விமானம் தன்னை எங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தது. விமானம் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்துக்கும் அளந்துவைத்த எண்கள் உண்டு. அதையும் பெட்டி சொல்வதையும் பக்கத்தில் வைத்தால் பிசகு பல்லை இளிக்கும். வலதுபக்கப் பெட்டி, நாங்கள் வடக்கே ஏதோ ஒரு கண்மாய்க்குள் நிற்பதாகச் சொன்னது. ஆக, வானத்தில் நான் ஆறுதல் சொல்ல ஆசைப்பட்டது ஒரு பொய்யான திரையை நம்பித்தான். இடதுபக்கப் பெட்டி இன்னும் வேடிக்கை. மதுரை விமான நிலையத்துக்கு மேற்கே அஞ்சாறு மைலில், திருமங்கலத்தில், கடைத்தெருப் பக்கம் நிற்பதாகச் சத்தியம் செய்தது.

நிற்கிற இடத்தை மேற்கே தள்ளி நினைத்துக்கொண்டிருக்கிற பெட்டி, வழியெல்லாம் மற்ற எல்லாவற்றையும் அதே அளவு கிழக்கே தள்ளித்தான் படம் போட்டிருக்கும். அப்படியானால் நட்சத்திரம் விழுந்த இடத்தில் உண்மையில் அண்ணனின் பயராபீஸ் இல்லை. அது பயராபீஸுக்குக் கிழக்கே, அதே அஞ்சாறு மைல் தள்ளி, சாத்தூர்ப் பக்கத்துப் பொட்டல். புகை வந்தது அங்கிருந்துதான். இரண்டு தரம் கணக்குப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். கேப்டன் மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி! அது உங்க அண்ணன் எடம் இல்ல! கெழக்க, அஞ்சாறு மைல் தள்ளி. நீங்க நிம்மதியா இருங்க!”

கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. இருக்கன்குடி மாரியம்மன் பேர் மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

அந்தப் புகை என்ன ஆனது என்று உங்கள் மனது அடித்துக்கொள்ளும். சாயங்காலம் தெரிந்தது. ஒரு பயராபீஸில் கழிவு போட்டுவைத்திருந்த கொட்டகை பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், பெரும்பாலானவர்கள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். இரண்டு பேருக்குக் கையிலும் முதுகிலும் காயம். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் ஒரு வேன் போய் அவர்களைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. இருவரும் அடுத்த சீசனுக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். அந்த வேன் எப்படிப் போனது என்பதுதான் மிச்சம்.

கேள்வியைக் கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபக்கம் எரிபொருள் வண்டி வந்து நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் செல்போனைக் கையில் பொத்திக்கொண்டு, என் தோளைப் பிடித்து இழுத்தபடி வேலியோரம்வரை நடந்தார். அந்தப் பதற்றத்திலும் எரிபொருள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் போன் பேசவில்லை, கவனியுங்கள்.

“உங்க ஊர்ல எங்கண்ணன் நம்பரு யாருகிட்டலே இருக்கும்?” என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. செல்போன் எல்லோர் கைக்கும் வந்ததே அண்ணன் தம்பி பேச்சு நின்றபிறகுதான். அண்ணன் இருக்கிற இடத்தின் எண்களைக் கடைசிப் புள்ளிவரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, அண்ணனைக் கூப்பிடுகிற எண் தெரியாது.

திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிற என் மச்சானைப் பிடித்தேன். அண்ணனின் கம்பெனிக்கு லேபிள் அடித்துக்கொடுப்பவன் அவன்.

“சீசன் நேரத்துல மொதலாளிக்குப் போனப் போட்டா கடிச்சு வச்சிருவாரு மாமா, சொல்லிட்டேன்” என்றான் அவன்.

“கடிக்கட்டும்லே, நீ நம்பரச் சொல்லு.”

அவன் சொல்லச்சொல்ல நான் சொன்னேன். கேப்டன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மணி போவது எனக்கே கேட்டது. பிறகு கரகரத்த ஒரு குரல். அந்த நாளில் செல்போனை எடுத்தவர்களெல்லாம் முதலில் கேட்ட அதே கேள்வி.

“யாரு? எங்கன இருந்து பேசுறீக?”

“எப்படிண்ணே இருக்கீக?” என்றார் கேப்டன்.

மறுமுனையில் பின்னணியில் லோடு ஏற்றுகிறவர்களின் கூச்சல் மட்டும் கேட்டது. அது அடங்குவதற்குக் கேப்டன் காத்திருக்கவில்லை. “அண்ணே, அங்கன வேன் எம்புட்டு நிக்குது? இருக்குறதக் கெழக்க அனுப்புங்க, சாத்தூர்ப் பக்கமா. அஞ்சாறு மைல்ல பெரிய புகை. உங்க ஆபீஸ் இல்ல, வேற யாரோடதோ… ஆமாண்ணே. ஆமா, மேல இருந்துதான் பாத்தேன்.”

அண்ணன் ஏதோ சொன்னார். ‘கிட்டக்க’ என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. கேப்டன் வேலிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெற்கே பார்த்தபடி சொன்னார்:

“இல்லண்ணே. இன்னைக்குத் தூரமாத்தான் தெரிஞ்சுச்சு.”